அவர்கள் புறுபுறுக்கட்டும்

நல்லூர்க் கொடி ஏறுகிற காலத்தில் யாழ்ப்பாணத்து அரியாலையில் ஒழுங்கைக்கு நாலு பூட்டின வீடாவது திறக்கும். ஸ்காபரோ, பேர்ண், ஹரோ, பாரிஸ் என்று போன சனம் பிள்ளைகளோடு வந்து இறங்கும். ஏதாவது ஒரு பின்னேரம், முற்றத்தில் கதிரை போட்டிருந்து கதைக்கும்போது, வந்தவர் வாய்விட்டுச் சொல்லிவிடுவார், அங்கே சரியான கரைச்சல் என்று. குளிர், வாடகை, கந்தோர்க் கடிதங்கள், டொக்டருக்கு நாள் எடுக்கிற பாடு, ஞாயிற்றுக்கிழமையில் சத்தம் போட ஏலாத தொடர்மாடி. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர் எழும்பி உள்ளே போனதும் தீர்ப்பு வரும்: "இஞ்ச வந்து அழுகினம். அவ்வளவு கஷ்டமெண்டால் ஏன் அங்க கிடக்கினம்?"

இந்தத் தீர்ப்புக்கு எங்கள் ஊரில் மேன்முறையீடு கிடையாது. மாம்பழம் சந்திக் கடைவாசலிலும் சலூனிலும் கலியாணவீட்டுப் பந்தியிலும் இதே தீர்ப்புத்தான். சொல்லுகிற ஆளைப் பொறுத்து அது நன்றிகெட்டதனம் என்று பெயர் எடுக்கும், நடிப்பு என்று பெயர் எடுக்கும். "காசு கேட்டுப்போடுவம் எண்டு முன்கூட்டியே அழுகிறார்" என்பது இவற்றில் கெட்டித்தனமானது.

தீர்ப்பு பிழை. அதனால் வெளியே இருப்பவர்களுக்கு வருகிற மனத்தாங்கல் ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்தப் பிழைக்குக் கூடின விலை கொடுத்திருப்பது அரியாலை போன்ற ஊர்கள்தான்.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை முதலில் எடுக்கிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்தபோது அந்தச் சனக்கடலின் பெரும்பகுதி எங்கள் கண்டி வீதியால்தான் போனது. மழைக்குள், செம்மணி வெளியைக் கடந்து, நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டுப் போனது. 2000-ஆம் ஆண்டு கிழக்கு அரியாலை போர்முனையாக மாறியது. கண்ணிவெடி எடுத்து முடியும்வரை வளவுக்குள் கால் வைக்க முடியாமல் இருந்த குடும்பங்கள் இன்னும் எங்களோடுதான் இருக்கின்றன. 2025-இல் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை வேலைக்கு மண் வெட்டப் போய் எலும்புகள் வெளிப்பட்டன. பிறகு நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் இருநூறுக்கு மேற்பட்டவர்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அப்படியான ஊரில் வந்து நின்று, "சுவிஸில ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தல் கொண்டுபோய்ப் போட ஏலாது, சட்டமாம்" என்று ஒருவர் அலுத்துக்கொண்டால் கேட்பவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

கோபத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அதிலிருந்து இழுக்கிற முடிவோடுதான் சண்டை. அந்தப் பாலத்தில் நெரிபட்டவர்களில் எத்தனையோ பேர்தான் பிறகு ஏஜென்சிக்குக் காசு கட்டி வெளிக்கிட்டு, இன்று பேர்ணிலும் பிரம்ப்டனிலும் இருப்பவர்கள். போர் எப்படியிருந்தது என்று அவர்களுக்கு நாங்கள் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அதுவும் போக, நாங்கள் இங்கே எதைப் பற்றிக் குறைப்படுகிறோம்? கரண்ட் பில், தெருநாய், மாரியில் ஒழுங்கைக்குள் முழங்கால் அளவு நிற்கிற வெள்ளம், வராத குப்பை வண்டி. குப்பை வண்டியைப் பற்றி வாய் திறக்கும்போது, முள்ளிவாய்க்காலை நினைத்துக்கொண்டு பேசாமல் இரு என்று எங்களுக்கு ஒருவரும் சொல்வதில்லை. சொன்னால் அடிக்கப் போவோம். பெரிய துன்பத்தைப் பற்றி மனுசர் புறுபுறுப்பதில்லை. அதற்கு ஒன்றில் வாய்விட்டு அழுவார்கள், இல்லாவிட்டால் பேசாமலே இருந்துவிடுவார்கள். புறுபுறுப்பு எப்போதும் அன்றாடத்துக்கு உரியது. இங்கே எங்களுக்கு அன்றாடம் திரும்பி வந்துவிட்டது என்பதற்குக் குப்பை வண்டி சாட்சி என்றால், அங்கே அவர்களுக்கு ஓர் அன்றாடம் இருக்கிறது என்பதற்குப் போத்தல் சாட்சி.

சரி, சின்ன விசயம் என்று தள்ளுகிற ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். சுவிஸில் சொந்த வீட்டுக்காரரைவிட வாடகைக் குடும்பங்கள்தான் அதிகம். பழைய தொடர்மாடிகளில் உடுப்புத் தோய்க்கிற மெசின் வீட்டுக்குள் இராது. நிலத்துக்குக் கீழே ஓர் அறையில், எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒன்றோ இரண்டோ நிற்கும். சுவரில் முறை போட்ட அட்டவணை தொங்கும். உங்கள் முறை கிழமைக்கு ஒரு நாளாக இருக்கலாம், இரண்டு கிழமைக்கு ஒரு நாளாகவும் இருக்கலாம். அன்றைக்குப் பார்த்து றெஸ்ரோரன்ட் முதலாளி இரண்டு நேர வேலைக்குக் கூப்பிட்டால் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு அடுத்த முறைவரை மூட்டையாகக் கிடக்கும். முறை முடியும்போது மெசினின் உள்விளிம்பைத் துடைத்து, காயவைக்கிற மெசினின் வடியில் ஒட்டின பஞ்சை வழித்து, நிலத்தையும் கூட்டி, திறப்பை அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் பஞ்சு மிஞ்சியிருந்தால் மறுநாள் கதவில் ஒரு துண்டு ஒட்டியிருக்கும், பெயர் போடாமல். துண்டு இருப்பது புத்தக ஜேர்மனில். வகுப்புக்குக் காசு கட்டி அதைப் படித்தவருக்கு வாசிக்க விளங்கும். மாடிப்படியில் அயலவர் கதைப்பதோ சுவிஸ் ஜேர்மன், வகுப்பில் ஒருவரும் சொல்லித் தராதது. ஆகவே துண்டை வாசிக்கலாம். எழுதியவரைக் கண்டுபிடித்து, நான் துடைத்துவிட்டுத்தான் போனேன் என்று சொல்ல வாய் வராது.

இதென்ன பெரிய கதையா? கதை எங்கே பெரிதாகிறது என்றால், அந்த நாட்டில் பிரஜாவுரிமை ஒரு தலைநகர்க் கந்தோரில் முத்திரை குத்தித் தருகிற சாமான் இல்லை. நாடு, மாநிலம், ஊர் மூன்றும் சம்மதிக்க வேண்டும். 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி 10 வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், கையில் சி பெர்மிட் என்கிற நிரந்தர வதிவிட அனுமதி இருக்க வேண்டும். கடைசி மூன்று வருடத்துக்குள் அரச உதவிப் பணம் எடுத்திருந்தால், பொதுவாக அதை முழுக்கத் திருப்பிக் கட்டின பிறகுதான் விண்ணப்பிக்கலாம். ஊர்ச் சபை நேர்முகத்துக்குக் கூப்பிடும். உங்களைத் தெரிந்த உள்ளூர்க்காரரின் பெயர்களைக் கேட்கிற இடங்களும் உண்டு. லுத்சேர்ண் பக்கத்து எம்மன் என்ற ஊரில் ஒருகாலத்தில் விண்ணப்பக்காரரின் விபரத்தை வாக்காளருக்கு அனுப்பி வாக்கெடுப்பே வைத்தார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் இத்தாலியக் குடும்பங்கள் சில தேறின. யூகோஸ்லாவியப் பக்கமிருந்து வந்தவர்களை ஊர் நிராகரித்தது. 2003-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்த முறை அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்த பிறகுதான் அது நின்றது.

முறை நின்றாலும் பயம் அப்படிச் சட்டென்று நிற்காது. கீழ்வீட்டுக்காரரின் முகம் சுளிக்கக் கூடாது என்று கால் பொத்திப் பொத்தி நடக்கப் பழகினவை அங்குள்ள எங்கள் குடும்பங்கள். பிள்ளை ஓடினால் அதட்டுவார்கள். வெங்காயம் வதக்கினால் யன்னலைத் திறப்பதா மூடுவதா என்று யோசிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைப் போத்தலைப் பற்றி முற்றத்தில் இருந்து அலுத்துக்கொள்கிறவர் இருபது முப்பது வருடமாக யாரோ தனக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்போடு படி ஏறி இறங்கினதைத்தான் சொல்கிறார். அதை அப்படி எடுத்துச் சொல்ல அவருக்குத் தெரியாது. போத்தலைத்தான் சொல்லத் தெரியும்.

அடுத்து நன்றிக் கணக்கு. "இடம் தந்த நாட்டைக் குறை சொல்லலாமோ?" என்று கேட்கிறவர்களுக்கு அந்த நாட்டுக்காரர் என்ன கதைக்கிறார்கள் என்று தெரியாது. சுவிஸில் 1996 முதல் மருத்துவக் காப்புறுதி எல்லாருக்கும் கட்டாயம். ஒவ்வொரு செப்ரெம்பரிலும் அடுத்த வருடத்துக் கட்டணத்தை அரசாங்கம் அறிவிக்கும். அறிவித்த அன்றிலிருந்து நாடு முழுக்க அதைத்தான் திட்டும். மாதக் கட்டணம் குறையட்டும் என்று, வருடத்தின் முதல் 2500 பிராங்கைத் தானே கட்டுகிற திட்டத்தை எடுத்த குடும்பம், முழங்கால் நோவைத் தைலம் பூசிப் பூசி அடுத்த வருடத்துக்கு இழுக்கும். பல்லு நோவு பெரும்பாலும் அந்தக் காப்புறுதிக்குள்ளேயே வராது. இதையே ஒரு சுவிஸ்காரர் சொன்னால் அரசியல் கருத்து. எங்கள் ஆள் சொன்னால் மட்டும் நன்றிகெட்டதனம். வரி ஒரே விகிதம், கட்டணம் ஒரே கட்டணம், வாய்க்கு மட்டும் வேறு சட்டமா? விருந்துக்கு வந்தவன் கறியில் உப்பில்லாவிட்டாலும் சொல்லாமல் சாப்பிட்டுப் போவான். நாற்பது வருடம் அந்த வீட்டு அடுப்பை எரித்தவன் சொல்லத்தான் செய்வான், சொல்ல அவனுக்கு உரிமையும் உண்டு. 1983 கலவரத்துக்குப் பிறகு போன எங்கள் பெடியள் அங்கத்தைய றெஸ்ரோரன்ட் குசினிகளில் கோப்பை கழுவியும் மரக்கறி வெட்டியும் கழித்த வருடங்களை நன்றிக் கணக்கின் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று ஒருவரும் கேட்பதில்லை.

கனடாக் கதை வேறு. பேராதனையில் பொறியியல் படித்தவர், இங்கே பத்துப் பதினைந்து வருடம் கணிதம் படிப்பித்தவர், அங்கே போய் விண்ணப்பம் போட்டால் முதல் கேள்வி: "கனடிய அனுபவம் இருக்கிறதா?" வேலை இல்லாமல் அனுபவம் வராது, அனுபவம் இல்லாமல் வேலை தரமாட்டார்கள். பெற்றோல் ஸ்ரேஷனில் இரவு வேலை செய்துகொண்டு, பக்டரியில் பெட்டி அடுக்கிக்கொண்டு, எங்கள் ஆட்கள் வருடக்கணக்காக இதைப் பற்றிப் புறுபுறுத்தார்கள். ஊரில் என்ன சொன்னோம்? "படிச்ச படிப்பு அங்க எடுபடேல்லை, அதுதான் எரிச்சல்." 2013-இல் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. கனடிய அனுபவத்தைக் கட்டாய நிபந்தனையாகக் கேட்பது முதல் பார்வையிலேயே பாகுபாடு என்றது. 2021-இல் பொறியியல் போன்ற உரிமம் வேண்டிய தொழில்கள் பலவற்றில் அந்த நிபந்தனையைத் தடுக்கச் சட்டமே வந்தது. பெற்றோல் ஸ்ரேஷனில் நின்று புறுபுறுத்த மனுசன் சொன்னதைத்தான் ஆணைக்குழுவும் சொன்னது, சட்டத்தரணிகளின் மொழியில். குறை சொல்ல வெட்கப்பட்டு எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் அந்த அறிக்கைக்கு விசயம் எங்கிருந்து வந்திருக்கும்?

ஸ்னோவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அதை எல்லாரும் சொல்லியாகிவிட்டது. ஒன்றே ஒன்று. விடிய எழும்பி வாசலில் காரை எடுக்க வழி வெட்டி முடித்து, கையைச் சூடாக்க உள்ளே போகிற நேரம் பார்த்து நகரசபையின் வாகனம் வீதியை வழித்துக்கொண்டு வரும். வீதி ஸ்னோ முழுக்க உங்கள் வாசலில் ஒரு வரம்பாகக் குவியும். அது ஈரத்தோடு இறுகினது, முதல் அள்ளினதைவிடப் பாரம். வேலைக்குப் பிந்திப் போனால் மணிக்கணக்குச் சம்பளத்தில் வெட்டு. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர் ஒருநாளாவது செங்கல் அரிந்திருப்பார். அந்தப் பாரம் அவருக்கு விளங்கும்.

"அப்படியெண்டால் திரும்பி வாங்கோவன்" என்பது அடுத்த அம்பு. சொல்கிறவர்கள் இதை உண்மையாகவே விரும்பித்தான் சொல்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். 2024-இல் வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் இந்த நாட்டுக்கு அனுப்பின பணம் 650 கோடி டொலருக்கு மேல். அதில் பெரும்பங்கு மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனவர்களுடையது என்றாலும், எங்கள் ஊருக்கு உண்டியலாகவும் வங்கியாலும் வருகிறது பெரும்பாலும் கனடா, ஐரோப்பாக் காசு. கோயில் திருப்பணிக்கும் விளையாட்டுக் கழகத்து மதிலுக்கும் பள்ளிக்கூட மண்டபத்துக் கூரைக்கும் பற்றுச்சீட்டு வெட்டும்போது "ஏன் அங்க கிடக்கிறியள்" என்று ஒருவரும் கேட்டதை நான் காணவில்லை. வந்தால் எப்படி நடத்துவோம் என்பதற்கும் ஒரு முன்னோட்டம் நடந்தது. 2020 மார்ச்சில் சுவிஸிலிருந்து வந்து அரியாலையில் ஆராதனை நடத்திப் போன போதகருக்குக் கொரோனா என்று தெரிந்ததும், யாழ்ப்பாணத்தின் முதல் நோயாளிகள் அந்தத் தொடர்பில் கண்டுபிடிக்கப்பட்டதும், ஆராதனைக்கும் போகாத, நோயும் இல்லாத வெளிநாட்டுக்காரரின் வீட்டுப் படலைகளைக்கூட ஊர் எப்படிப் பார்த்தது என்பது மறந்திருக்காது. பயம் நியாயமானது. ஆனால் அந்த நாட்களில் "வாங்கோவன்" என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

திரும்பி வருவதற்கு எதிரே நிற்பது சுகபோகம் இல்லை. அங்கே பிறந்து ஜேர்மனிலோ பிரெஞ்சிலோ சண்டை பிடிக்கிற பிள்ளைகள், இன்னும் பதினைந்து வருடம் கட்ட வேண்டிய மோட்கேஜ், வருடக் கணக்கு முடிந்தால்தான் முழுசாக வருகிற பென்சன். இதெல்லாம் கணக்குப் பார்த்தால் விளங்குகிற காரியங்கள்.

நடிப்பு என்கிற குற்றச்சாட்டில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. வந்து இறங்கின கிழமை பீத்தல், போகிற கிழமை புறுபுறுப்பு. பெருவிரல் மொத்தத்தில் சங்கிலி, ட்ரோன் கமரா பறக்கிற சாமத்தியவீடு, கேட்ட சிறுவனுக்கெல்லாம் சொக்லேட். அதே ஆள்தான் பிறகு வாடகை கட்டக் காசில்லை என்கிறார். எது பொய்? ஊரின் விடை: புறுபுறுப்புத்தான் பொய். நான் மறுதலையாகச் சொல்வேன். சங்கிலிக்கு இங்கே மதிப்புக் கிடைக்கிறது, களைப்புக்குக் கிடைக்கவில்லை. கடன் அட்டையில் ரிக்கெட் வாங்கி வருகிறவர் எங்களுக்குப் பிடித்த வேசத்தைத்தான் போடுகிறார். மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் கிளாக்கர் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பினவர்களின் காலத்திலும் இதுதான் நடந்தது. அவர்கள் கட்டின கல்வீட்டை வைத்து யாழ்ப்பாணம் மலாயாவை அளந்தது, அந்தக் கல்லுக்கு என்ன கொடுத்தார்கள் என்று விசாரிக்கவில்லை. இதில் வேடிக்கை, எழுத்தாளர் செல்வம் அருளானந்தம் தன் பாரிஸ் வாழ்க்கையை 'எழுதித் தீராப் பக்கங்கள்' நூலில் எழுதினால், கருணாகரமூர்த்தி பேர்ளினிலிருந்து அகதிக் கதை எழுதினால், இலக்கியம் என்று கூட்டம் வைத்துக் கைதட்டுகிறோம். அதே விசயத்தைச் சொந்த மச்சான் முற்றத்தில் இருந்து சொன்னால் அழுகிறார் என்கிறோம்.

இந்தக் கேளாக் காதின் விலை 2022-இல் தெரியவந்தது. நாட்டின் பொருளாதாரம் படுத்த வருடம். பாஸ்போர்ட் எடுக்கக் கந்தோர் வாசலில் இரவிரவாக வரிசை. அந்த நவம்பரில் கனடாவுக்கென்று காசு கட்டிப் போன 303 இலங்கையரோடு ஒரு கப்பல் நடுக்கடலில் தத்தளித்தது. ஜப்பானியக் கப்பல் ஒன்று அவர்களை மீட்டு வியட்நாமின் வுங் டாவ் துறைமுகத்தில் இறக்கியது. வடக்குப் பெடியள் பலர் அதில் இருந்தார்கள். திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றதும் ஒருவர் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த வருடம் கனடா விசிட்டர் விசா முன்னெப்போதையும்விடச் சுலபமாகக் கிடைத்தது. காணி உறுதியை ஈடு வைத்தும், தாலிக்கொடி தவிர்ந்த நகையை அடகு வைத்தும், சீட்டை முன்கூட்டி எடுத்தும் ஒழுங்கைக்கு ஒருவராவது போனார்கள்.

அந்த நேரம் அங்கே இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. நிலவறையில் ஓர் அறைக்கு என்ன வாடகை கேட்கிறார்கள், ஒரு வேலைக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், அகதி வழக்கு எத்தனை வருடம் இழுபடும், ஒன்ராறியோவில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் குடும்ப வைத்தியர் இல்லாமல் இருக்கிறது, எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் சொன்னார்கள். இப்ப வெளிக்கிடாதே, கொஞ்சம் பொறு என்றும் சொன்னார்கள். இங்கே அதைக் கேட்டவர்கள் எடுத்த விளக்கம்: "தாங்கள் மட்டும் நல்லா இருக்கோணும் எண்டு நினைக்கினம்." முப்பது வருடமாக அவர்களின் புறுபுறுப்பை நடிப்பு என்று தள்ளிப் பழகின காதுக்கு எச்சரிக்கையும் நடிப்பாகத்தான் கேட்டது. பொறாமை என்று ஒரு புதுப் பெயரும் சேர்ந்தது. ஏஜென்சிக்காரர் சொன்ன கனடாவில் இந்தக் கரைச்சல் ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே அவரை நம்பினார்கள்.

அப்படிப் போனவர்களும் இப்போது இரவு வேலை முடிந்து வந்து, பஸ் பிந்தினதையும் வாடகை ஏறினதையும் வழக்குத் தள்ளிப்போனதையும் போனில் தாய் தகப்பனுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வட்டிக் காசு இன்னும் முடியவில்லை. ஒழுங்கையில் கண்டு யாராவது விசாரித்தால் தாய் நின்று பதில் சொல்லுவா: "அவனுக்கென்ன, கனடாவில நல்லா இருக்கிறான்."